சிந்து ஓடியும் கரையில் வயல் இல்லையே, ஏன்? (லடாக்)

லடாக்கின் லே நகரப் பக்கத்து வயல்கள் பெரும்பாலும் சிந்து நதியை நம்பி அமைந்தவை அல்ல, பக்கவாட்டு மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை நம்பியவை. இவ்வளவு பெரிய ஆறு ஓடியும் கரை பல இடங்களில் மணலாகக் கிடக்கிறதே, பச்சை மேலே ஒதுங்கியிருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். காரணம் மட்டம்தான்.

ஆறு பெரும்பாலும் நிலத்தைவிடத் தாழ்வாக ஓடுகிறது. பம்பு இல்லாத காலத்தில் அந்தத் தண்ணீரை எப்படி மேலே ஏற்றுவது? ஆண்டு மழையோ சுமார் 100 மில்லிமீட்டர், மானாவாரிக்கு வழியே இல்லை. பனி உருகிவரும் ஓடையை உயரத்திலேயே திருப்பி, ‘யுரா’ என்ற சிறு வாய்க்காலில் விட்டால் தானாகப் பாயும். வாய்க்காலுக்குக் கீழே பார்லி, கோதுமை, ஓரத்தில் வில்லோ மரங்கள். அதற்கு மேலே ஒரு முழம் தள்ளினாலும் வெறும் சரளை. பழைய வீடுகள் பலவும் அந்தச் சரளையில்தான் இருக்கும். தண்ணீர் பாயும் மண்ணில் வீடு கட்ட யாருக்கு மனசு வரும்?

சாட்டிலைட் படத்தில் ஒரு பச்சைத் திட்டின் மேல்விளிம்பைப் பாருங்கள். கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு தெரிந்தால் அதுதான் வாய்க்கால். அப்படியே மேலே போங்கள், ஓடையில் போய் முடியும்.

ஆனால் ஷே, திக்சே ஊர்கள் பக்கம் இதை அப்படியே பொருத்திவிடாதீர்கள். அங்கே பள்ளத்தாக்கு அகலம், ஆற்றை ஒட்டியே பச்சை உண்டு. சிந்து நீரைக் கொண்டுவரும் இகூ-ஃபே கால்வாயும் அந்தப் பகுதியில்தான் ஓடுகிறது.