மோடம் காலத்து பிபிஎஸ் (கணினியிலிருந்து தொலைபேசி வழியே நுழைந்து செய்திகளை எழுதிப் படிக்கும் மின்னணு அறிவிப்புப் பலகை) ஒன்றை இன்றும் வீட்டிலிருந்தே பொழுதுபோக்காக நடத்த முடியுமா?

முடியும். 1978 பிப்ரவரியில் சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் தொடங்கிய முதல் பிபிஎஸ்ஸுக்கு ஒரே தொலைபேசி இணைப்புதான் வாசல் என்பதால், ஒருவர் உள்ளே இருக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டியிருந்தது; இன்று இணையம் வழியாகப் பலர் ஒரே நேரத்தில் நுழையலாம். சிங்க்ரோநெட் போன்ற இலவச மென்பொருளை ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியிலேயே நிறுவிவிடலாம்.

கவனம் தேவைப்படுவது பாதுகாப்பில்தான். பிபிஎஸ்ஸில் நுழையப் பயன்படும் பழைய இணைப்பு முறையான டெல்நெட்டில் கடவுச்சொல் மறையாக்கமின்றிச் செல்கிறது. அதற்குரிய 23ஆம் போர்ட்டை (இணைப்பு வாயிலை) இணையத்துக்குத் திறந்துவைத்தால், தானியங்கி நிரல்கள் ஓயாமல் கடவுச்சொற்களை ஊகித்துப் பார்க்கும். ஆகவே மறையாக்கத்துடன் இணைக்கும் எஸ்எஸ்எச் வழியையும் கட்டாயம் திறந்துவையுங்கள்.

பேச ஆளில்லாத இடத்தில் எவரும் தங்குவதில்லை என்பதால், 1984இல் டாம் ஜென்னிங்ஸ் உருவாக்கி இன்றும் இயங்கிவரும், பிபிஎஸ்களை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பான ஃபிடோநெட்டில் இணைந்து, பிற பிபிஎஸ்களின் உரையாடல்களையும் உங்களிடம் கொண்டுவருமாறு மிகவும் வலியுறுத்துவேன். வந்தவருக்கு நடத்துநரே தாமதமின்றி மறுமொழி எழுதுவது அதனினும் முக்கியம்.