சேலத்தில் காரை விற்றுவிட்டு, போனில் பார்த்தே டவுன் பஸ்ஸில் போய்வர முடியுமா?

மாற்றலாகி சேலம் வருவதாகவும் காரை விற்றுவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் விற்றவன். இரண்டு வருடமாக பஸ்தான். முடியும் என்றுதான் சொல்வேன். ஆனால் செயலியை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

முதலில் ஒன்று. ஆங்கிலத்தில் 'சேலம் பஸ்' என்று மொட்டையாகத் தேடினால் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத் தலைநகரான சேலத்தின் பஸ் அட்டவணை வந்து நிற்கும். தமிழ்நாடு என்று சேர்த்துத் தேடுங்கள். அப்புறம், நம் ஊரில் பஸ் நிலையம் இரண்டு. மெய்யனூர் பக்கம் இருக்கும் புதிய நிலையம் வெளியூர் வண்டிகளுக்கு. டவுன் பஸ்ஸுக்குப் பழைய நிலையம். நான் பார்த்த ஒரு தளத்தில் வெறுமனே 'சேலம் பஸ் நிலையம்' என்று போட்டிருந்ததை நம்பி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு புதிய நிலையத்தில் போய் நின்றேன். கண் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு எங்கள் முறை போய்விட்டது.

எனக்கு வீடு சின்னத்திருப்பதி. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். லாரிகள் சரக்கு இறக்கும் நேரத்தில் அங்கே கார் நிறுத்த இடம் தேடியே அரை மணி போகும், அதனால்தான் விற்றேன். முதல் வாரம் ஒரு செயலி 8.25க்கு பஸ் என்று காட்டியது. ஒன்பது வரை நின்றேன். கோயில் பக்கத்தில் பூ விற்கும் அம்மா, "ஏன் தம்பி, அந்த வண்டியை நிறுத்தி மாசக்கணக்கு ஆச்சே, எட்டு பத்துக்கு வர்றதுல ஏறு" என்றார். செயலியில் இருக்கும் வரைபடம் தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. நிறுத்தம், தடம், நேரம் எல்லாவற்றையும் யாராவது கோப்பாகக் கொடுத்தால்தான் அது காட்டும். நேரம் மாறியதை யாரும் திருத்தாவிட்டால் பழைய நேரமேதான் நிற்கும். தனியார் டவுன் பஸ்களை நான் பார்த்த எந்தச் செயலியிலும் காணோம்.

அதன்பிறகு நாங்கள் செய்ததைப் பெருமையாகவே சொல்கிறேன். அதே பஸ்ஸில் தினமும் வரும் ஏழு பேர் சேர்ந்து வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். இப்போது முப்பதுக்கு மேல். கன்னங்குறிச்சியில் முதலில் ஏறுகிறவர் லைவ் லொகேஷன் போட்டுவிடுவார். பதினைந்து நிமிடம் என்று ஒரு தேர்வு இருக்கிறது, அது போதும், தானாக நின்றுவிடும். வண்டி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே நான் வீட்டில் காபி குடித்து முடிக்கிறேன். பெண்கள் தங்கள் இருப்பிடத்தைப் போடச் சங்கடப்பட்டார்கள், நியாயம்தான். அந்த வேலையை ஆண்களே முறை வைத்துச் செய்கிறோம். மழை நாளில் கண்டக்டர் அண்ணாவே "வண்டி லேட்" என்று ஒரு வரி போடுவார்.

யாரும் காரே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ராத்திரியில் உடம்புக்கு முடியாமல் போனால் ஆட்டோதான் பிடிக்கிறேன். இலவசப் பயணத்தை வைத்து அரசியல் பேசுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். 2021 முதல் சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, என் மனைவிக்கு அது உதவுகிறது, அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது சொந்தக்காரர்கள் பேச்சு. கார் விற்ற மாதம் ஒரு காதுகுத்துக்குப் போனோம். "கடன் ரொம்ப ஆயிருச்சா மாப்ளே?" என்று பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்கள். ஒரு ரூபாய் கடன் இல்லை எனக்கு. தவணையில் கார் எடுத்துத் திணறுகிறவரைப் பெரிய ஆள் என்கிறார்கள், பஸ்ஸில் வந்து இறங்கினால் நொடித்துப்போனவன். என் மகளின் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. சரி, அது உங்கள் கேள்வி இல்லை.

வரைபடத்தை நான் இப்போது இறங்கும் இடம் தெரிந்துகொள்ளத்தான் வைத்திருக்கிறேன். தெரியாத பகுதிக்குப் போகும்போது, நாம் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே வந்தால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே எழுந்துவிடலாம். ஐந்து ரோட்டில் மட்டும் அதை நம்பாதீர்கள், ஈரடுக்கு மேம்பாலத்தில் வண்டி மேலே போகிறதா கீழே போகிறதா என்பது அதற்குப் பிடிபடாது.

எந்தப் பகுதியில் வீடு பார்த்திருக்கிறீர்கள் என்று சொல்லவில்லையே. கன்னங்குறிச்சி பக்கம் என்றால் காலை எட்டு மணிக்குச் சின்னத்திருப்பதி நிறுத்தத்துக்கு வாருங்கள். பூக்கார அம்மாவிடம் கேட்டால் என்னைக் காட்டுவார், குழுவில் சேர்த்துவிடுகிறேன்.