மகள் பிரித்து வைத்திருக்கும் கையடக்கக் கணினி: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. கிடங்கில் கழித்துப்போட்ட, பார்கோடு படிக்கும் கையடக்கக் கணினி ஒன்றைத் தாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததையும், பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் தங்கள் மகள் அதன் பேக்கப் பேட்டரியை மாற்றப்போவதாகச் சொல்லி ஒரு வாரமாக அதைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். பேட்டரி மாற்றுவதெல்லாம் ஒரு திறமையா, இந்த ஆர்வத்தை நம்பி எலெக்ட்ரானிக்ஸ் படிப்பில் சேர்க்கலாமா என்பது தங்கள் கேள்வி. கையில் எதுவும் வெடித்துவிடக் கூடாதே என்ற கவலையும் கூடவே இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். அந்த ஒரு வேலையை அவர் எந்த வரிசையில், எவ்வளவு நிதானமாகச் செய்கிறார் என்று பக்கத்தில் இருந்து கவனித்தாலே, படிப்பைப் பற்றிய கேள்விக்குப் பாதிப் பதில் தங்களுக்குக் கிடைத்துவிடும்.

மெயின் பேட்டரியைக் கழற்றி இன்னொன்றைப் பொருத்தும் சில நிமிடங்களுக்கு, கருவியின் கடிகாரம் நின்றுவிடாமலும் ரேம் நினைவகத்தில் உள்ளவை அழிந்துவிடாமலும் தாங்குவதுதான் பேக்கப் என்ற அந்தச் சிறிய பேட்டரியின் வேலை. 2005-இல் விண்டோஸ் மொபைல் 5.0 என்ற இயங்குதளம் வருவதற்கு முன்பிருந்த பாக்கெட் பிசி வகைக் கருவிகளில், பயனர் சேர்த்த கோப்புகளும் பிற்பாடு நிறுவிய மென்பொருள்களும் பெரும்பாலும் ரேமிலேயே இருந்தன. மின்சாரம் முழுவதுமாக அற்றுப்போனால், கருவி வாங்கிய நாளில் இருந்த நிலைக்கே திரும்பிவிடும். பின்னர் வந்தவற்றில் கோப்புகள், மின்சாரம் அற்றாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போய்விட்டதால் இழப்பு குறைந்தது. ஆனாலும் பேக்கப் பேட்டரி செத்துப்போன கருவியில், மெயின் பேட்டரியை மாற்றும்போதெல்லாம் தேதி ஏதோ ஒரு பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறது; பாதியில் இருந்த பதிவு காணாமல் போகிறது; தேதி தவறாக இருப்பதால், டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகவில்லையா என்று சரிபார்க்கும் சர்வர் இணைப்பும் கிடைக்காமல் போகிறது. வாரக்கணக்கில் அலைந்து நெட்வொர்க்கில் தேடப்பட்ட கோளாறு, கடைசியில் விரல் நுனியளவு பேட்டரியில் முடிந்ததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.

எனவே தாங்கள் மகளிடம் முதலில் கேட்க வேண்டியது, பேக்கப் பேட்டரிதான் கெட்டிருக்கிறது என்று அவர் எப்படி முடிவு செய்தார் என்பதே. மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த கருவியில் அந்தப் பேட்டரி வெறுமனே வற்றிப்போயிருக்கலாம்; நல்ல மெயின் பேட்டரியைப் போட்டு, கருவியை ஒரு நாள் முழுவதும் சார்ஜிங் ஸ்டாண்டில் வைத்தால், திறக்காமலேயே அது உயிர்பெற்றுவிடக்கூடும். அதற்குப் பின் கடிகாரத்தைச் சரிசெய்து, மெயின் பேட்டரி உள்ளே இருக்கும்வரை நேரம் ஒழுங்காக ஓடுகிறதா என்றும், அதைக் கழற்றினால் மட்டும் தவறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கழற்றும்போது மட்டுமே தவறினால்தான் திருப்புளியை எடுக்கலாம். இப்படி ஒன்றை விலக்கி அடுத்ததற்குப் போகும் பொறுமை இருக்கிறதா என்பது, கணக்குப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் என்பதைவிட இந்தத் துறைக்கு முக்கியமானது என்பது என் கருத்து.

இதைத் தவறு செய்துதான் நானே கற்றேன். ஆலோசனைப் பணிக்கு வருவதற்கு முன் சில ஆண்டுகள் பழுதுபார்க்கும் மேசையில் இருந்தேன். சேர்ந்த முதல் மாதத்தில், ‘தேதி மாறுகிறது’ என்று சீட்டு ஒட்டி வந்த ஒரு கருவியை வாங்கிய கையோடு, யாரையும் கேட்காமல் மெயின் பேட்டரியைக் கழற்றிவிட்டேன். உள்ளே இருந்த பேக்கப் பேட்டரி செத்துவிட்டது என்பதைத்தான் அந்தச் சீட்டு சொல்லியிருந்தது. எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. சர்வருக்கு இன்னும் அனுப்பப்படாத ஒரு நாள் சரக்குக் கணக்கு அதோடு போயிற்று. மறுநாள் இரண்டு பேர் ஏணியும் தாளுமாக நின்று பெட்டிகளை மறுபடி எண்ணினார்கள். ஆகவே, திறப்பதற்கு முன் கருவியில் உள்ள தகவலை வேறோர் இடத்தில் படியெடுத்து, வயர்லெஸ் அமைப்புகளைத் தாளில் குறித்துக்கொண்டாரா என்று கேளுங்கள். கழித்துப்போட்ட கருவியில் இழப்பதற்கு எதுவும் இல்லை என்று அவர் சொல்லக்கூடும். பழக்கம் என்பது இழப்பதற்கு ஒன்றும் இல்லாத கருவியில்தான் படிய வேண்டும் என்று அவருக்குச் சொல்லுங்கள்.

இனி தங்கள் அச்சத்துக்கு வருகிறேன். அது நியாயமானதுதான், ஆனால் அபாயம் தாங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. இந்தக் கருவிகளில் சிலவற்றில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் இரண்டோ மூன்றோ வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட் என்பதால் மொத்தம் 2.4 அல்லது 3.6 வோல்ட் கிடைக்கும். வேறு சிலவற்றில் நாணய வடிவ லித்தியம் பேட்டரி இருக்கும். இங்கேதான் கவனம் வேண்டும். சிஆர்2032 என்பது 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட, மறுபடி சார்ஜ் செய்யக் கூடாத பேட்டரி. எம்எல்2032 என்பது அதே அளவில் உள்ள, சார்ஜ் ஏறும் பேட்டரி. இரண்டுமே 3 வோல்ட். எல்ஐஆர்2032 என்பதும் அதே அளவுதான், ஆனால் 3.6 வோல்ட், அதற்கான சார்ஜ் முறையும் வேறு. எல்லாம் ஒரே பள்ளத்தில் கச்சிதமாக உட்காரும். சார்ஜ் ஏற்றும் சுற்று உள்ள கருவியில் சிஆர் வகையை வைத்தால் அது கசியலாம், சூடாகி வெடிக்கவும் கூடும். அளவு பொருந்துகிறது என்பதற்காக வைக்காமல், பழைய பேட்டரியின் மேல் உள்ள எழுத்தையும் கருவியின் சர்வீஸ் கையேட்டையும் ஒப்பிட்ட பிறகே வைக்கிறாரா என்று பாருங்கள். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் கழற்றிய நாணய பேட்டரியை மேசையில் விட்டுவைக்க வேண்டாம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடும் அபாயம் உண்டு.

கைவேலையில் கவனிக்க வேண்டியவை சிறியவை, ஆனால் ஆளைக் காட்டிக்கொடுப்பவை. கழற்றும் திருகுகளை ஒரு கிண்ணத்தில் மொத்தமாகப் போடுபவர் உண்டு. தாளில் கருவியின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் திருகை ஒட்டி வைப்பவரும் உண்டு. நீளமான திருகு தவறான துளைக்குள் போனால் மதர்போர்டையே துளைத்துவிடும் என்று ஒரு முறை பட்டவர் இரண்டாம் வகையைச் சேர்ந்துவிடுவார். உடலில் சேரும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்காமல் இருக்க மணிக்கட்டுப் பட்டை அணிய வேண்டும். மேல் மூடியை இழுத்துத் திறந்தால், திரைக்கும் போர்டுக்கும் இடையில் உள்ள ரிப்பன் கேபிள் கிழியும். முதலில் அதன் தாழ்ப்பாளை நகத்தால் மெல்லத் தூக்க வேண்டும். பேட்டரியின் கனெக்டரை ஒயரைப் பிடித்து இழுக்காமல் அதன் உடலைப் பிடித்துக் கழற்ற வேண்டும். சிவப்பும் கறுப்பும் எந்தப் பக்கம் இருந்தன என்பதை முன்பே படம் எடுத்து வைக்க வேண்டும். போர்டில் வெள்ளைப் படிவு தெரிந்தால் பழைய செல் கசிந்திருக்கிறது என்று பொருள். அதைத் துடைக்காமல் புதியதைப் பொருத்துவது வீண். நாணய பேட்டரியின் மேல் நேரடியாக சால்டரிங் செய்வதை மட்டும் அனுமதிக்காதீர்கள். தகட்டுக் கால்கள் ஏற்கெனவே பற்றவைக்கப்பட்ட பேட்டரிகள் கிடைக்கின்றன. கடைசியாக, மூடியின் ஓரத்தில் ஓடும் ரப்பர் கேஸ்கெட் பிசகாமல் உட்காராவிட்டால் கருவிக்குத் தூசியும் நீரும் புகாத தன்மை போய்விடும்.

இதையெல்லாம் ஓரளவு ஒழுங்காகச் செய்கிறார் என்றால், எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவுக்கோ பட்டப்படிப்புக்கோ தயங்காமல் அனுப்பலாம். கைவேலையில் நாட்டமும் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய தேவையும் இருந்தால் டிப்ளமோ போதும். ஏன் இப்படி வடிவமைத்தார்கள் என்ற கேள்வியையே அவர் திரும்பத் திரும்பக் கேட்பவராக இருந்தால் பட்டப்படிப்பே பொருந்தும். ‘ரிப்பேர் வேலை’ என்று தாங்கள் எழுதிய சொல்லுக்குள் பல வேலைகள் இருக்கின்றன. பாகங்களை மாற்றும் சர்வீஸ் டெக்னீஷியன் ஒரு படி. நுண்ணோக்கியின் கீழ் போர்டிலேயே பழுது நீக்குபவர் அதற்கு அடுத்த படி. அவர்களுக்கு, ஐபிசி என்ற மின்னணுத் துறை அமைப்பு வகுத்த ஐபிசி-7711, 7721 என்ற பழுதுநீக்கத் தரநெறிகளில் பயிற்சி கேட்பார்கள். நூற்றுக்கணக்கான கருவிகளின் மென்பொருளை ஒரே இடத்தில் இருந்து நிர்வகிப்பது இன்னொரு பாதை. பழைய கையடக்கக் கருவிகளின் இயங்குதளமான விண்டோஸ் எம்பெடட் ஹேண்ட்ஹெல்டு 6.5-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்து, கிடங்குகள் ஆண்ட்ராய்டு கருவிகளுக்கு மாறிய பிறகு இந்தப் பாதையில் தேவை கூடியிருக்கிறது. பழைய கருவியை மட்டும் நம்பித் தொழில் அமைக்க முடியாது என்பதும் உண்மை. புதியவற்றில் பேட்டரி மாற்றும் நேரத்துக்குத் தாங்க, சிறிது நேரம் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் வைப்பதும் உண்டு. ஆனால் பதிவுகள் அழியாமல் மின்சாரத்தைத் துண்டிப்பது எப்படி என்ற கேள்வி அங்கும் அதேதான்.

இப்போதைக்குச் சேர்க்கை விண்ணப்பம் எதுவும் வேண்டாம். பேட்டரியை மாற்றி முடித்ததும் கருவியை இரவு முழுவதும் சார்ஜில் வைக்கச் சொல்லுங்கள். புதிய பேக்கப் பேட்டரி காலியாகவே வரக்கூடும் என்பதால் உடனே சோதித்தால் ஏமாற்றமே மிஞ்சும். மறுநாள் காலையில் நேரத்தைச் சரியாக வைத்து, கருவியை உறக்க நிலைக்குக் கொண்டுபோய், மெயின் பேட்டரியை ஐந்து நிமிடம் வெளியே எடுத்துவிட்டு மறுபடி பொருத்தச் சொல்லுங்கள். மாற்றுவதற்கு முன் மல்டிமீட்டரில் கண்ட வோல்ட், மாற்றிய பின் கண்ட வோல்ட், கடிகாரம் காட்டிய நேரம், நடுவில் தவறிப்போனவை எல்லாவற்றையும் அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதட்டும். கடிகாரம் தவறியிருந்தாலும் பரவாயில்லை, அந்தத் தாளோடு அவரை அழைத்து வாருங்கள்; மதிப்பெண் பட்டியலை அதற்குப் பிறகு பார்க்கிறேன்.