பூஜ்யம் வந்தால்தான் பதில் முடிந்தது: வாசகர் கேள்விகள்

கே: என் இணையச் சேவை தரும் பதிலில் கன்டென்ட்-லெங்த் (பதிலின் மொத்த நீளத்தைச் சொல்லும் ஹெடர், அதாவது தலைப்பு வரி) இல்லை. சர்வரில் கோளாறா?

ப: இல்லை. மொத்த நீளம் முன்பே தெரியாவிட்டால் ‘டிரான்ஸ்ஃபர்-என்கோடிங்: சங்க்டு’ என்று அறிவித்துத் துண்டு துண்டாக அனுப்பலாம். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம் வரும்; நீளம் பூஜ்யம் என்று ஒரு துண்டு வந்தால் பதில் முடிந்தது. 1997 முதலே எச்டிடிபி 1.1-இல் (உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையின் ஒரு பதிப்பு) இருக்கும் வழி.

கே: எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு ஹெடர்களையும் அனுப்பலாமா?

ப: கூடாது. முன்னால் நிற்கும் புராக்ஸி (கோரிக்கையை வாங்கிச் சர்வரிடம் சேர்க்கும் இடைநிலை சர்வர்) ஒன்றை நம்பும், பின்னால் நிற்கும் சர்வர் மற்றதை நம்பும். கோரிக்கைக் கடத்தல் தாக்குதல்கள் (ஒரு கோரிக்கைக்குள் இன்னொன்றை ஒளித்து அனுப்புவது) நுழைவது அந்தச் சந்தில்தான்.

கே: ‘வணக்கம்’ என்று ஒரே துண்டு அனுப்பினேன். நீளம் 5 என்று போட்டால் பிழை. 21 என்று போட்டால் உலாவி சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ப: நீளம் எழுத்துக் கணக்கு அல்ல, பைட் கணக்கு; அதுவும் பதினாறடிமான எண்ணில் (பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணும் முறை). யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ‘வணக்கம்’ 21 பைட். ஆகவே எழுத வேண்டியது 15. நீங்கள் எழுதிய 21, உலாவிக்கு 33. உங்கள் சொல், அதன் வரிமுடிவு, கடைசிப் பூஜ்யத் துண்டு எல்லாம் சேர்ந்தாலும் 28தான் தேறும். மிச்சம் 5 பைட்டுக்காக அது காத்துக் கிடக்கிறது.

கே: ஒரு துண்டுக்கு ஒரு ஜேசன் (தரவை உரையாக எழுதும் வடிவம்) என்று அனுப்புகிறேன். என் கணினியில் ஓடுகிறது, வெளியே போட்டால் உடைகிறது. சில இடங்களில் தமிழ் எழுத்துக்குப் பதில் கறுப்புச் சாய்சதுரத்தில் கேள்விக்குறி வருகிறது.

ப: மாதம் ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். துண்டின் எல்லைக்கு எந்தப் பொருளும் இல்லை. அது பார்சலைக் கட்டிய கயிறு. உள்ளே இருக்கும் சரக்கைப் பற்றி அதற்குத் தெரியாது. வழியில் நிற்கும் எந்த புராக்ஸியும் இரண்டு துண்டுகளை ஒன்றாக்கலாம், ஒன்றை மூன்றாகவும் வெட்டலாம். விதி அதை அனுமதிக்கிறது. உங்கள் கணினியில் இடையில் யாரும் இல்லை, அதனால் தப்பித்தீர்கள். ‘கோ’ என்பது 6 பைட். வெட்டு அதன் நடுவில் விழுந்து, இரு பாதிகளையும் நீங்கள் தனித்தனியே எழுத்தாக மாற்றினால் கேள்விக்குறிதான் வரும். என்னிடம் வந்த ஒரு பணியில், அந்தக் கேள்விக்குறிகளைத் தேடி அழிக்கவே தனி நிரல் எழுதி வைத்திருந்தார்கள்! ஒவ்வொரு ஜேசனுக்கும் பின் ஒரு வரிமுடிவு வையுங்கள். பெறும் பக்கத்தில் பைட்டுகளைச் சேர்த்து வைத்து, வரி நிறைந்த பிறகு பிரியுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: துண்டை எண்ணாதீர்கள், வரியை எண்ணுங்கள்.

கே: துண்டுகள் எல்லாம் கடைசியில் மொத்தமாக வருகின்றன. முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் புராக்ஸியாக இருக்கிறது.

ப: புராக்ஸி பஃபரிங்கை (பதிலைச் சேர்த்து வைத்துப் பிறகு அனுப்பும் வசதி) அணையுங்கள். இயல்பில் அது இயங்கும் நிலையில்தான் இருக்கும்.

கே: பாதி அனுப்பிய பின் தரவுத்தளம் விழுந்துவிட்டது. 500 (சர்வர் பிழை என்ற நிலை எண்) அனுப்புவது எப்படி?

ப: 200 (எல்லாம் சரி) என்று சொல்லி அனுப்பியாகிவிட்டதே, இனி எப்படித் திரும்பப் பெறுவது? பூஜ்யத் துண்டை அனுப்பாமல் இணைப்பைத் துண்டியுங்கள்; பதில் அரைகுறை என்பது மறுமுனைக்குத் தெரியும். பிழையை விழுங்கிவிட்டு ஒழுங்காகப் பூஜ்யம் போட்டு முடித்தால், பாதிப் பட்டியலையே முழுப் பட்டியல் என்று நம்பிவிடுவார்கள்.

கே: எச்டிடிபி 2-இல் இதை எப்படி இயக்குவது?

ப: இயக்க முடியாது. அங்கே டேட்டா ஃபிரேம்களே (தரவைச் சுமக்கும் சிறு பொட்டலங்கள்) அந்த வேலையைச் செய்கின்றன. சங்க்டு முறைக்குத் தடை.