அருட்சகோதரி கோரிட்டா கென்ட்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஓவியத்தால் போரை எதிர்த்த அமெரிக்கக் கன்னியாஸ்திரி ஒருவரைப் பற்றி எங்கள் ஆலயப் பங்கில் பேசிக்கொண்டார்கள். அவர் யார்? கற்பித்தலும் ஓவியமும் அகிம்சையும் அவருக்குள் எப்படி ஒன்றாயின?
- ஓவிய ஆசிரியை ஒருவர், திண்டுக்கல்

பதில்: நீங்கள் குறிப்பிடுபவர் கோரிட்டா கென்டாகத்தான் இருக்க வேண்டும். 1918-இல் அயோவா மாநிலத்தில் பிறந்து, 18 வயதில் லாஸ் ஏஞ்சலஸில் மரியாவின் மாசற்ற இருதய சபையில் சேர்ந்த அவர், அச்சபையின் கல்லூரியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓவியம் கற்பித்தார்.

மூன்றும் ஒன்றான இடம் அவருடைய வகுப்பறையே என்பது என் துணிபு. நடுவே சிறு துளையிட்ட அட்டையை மாணவியரிடம் கொடுத்து, தெருவுக்கும் கடைக்கும் அழைத்துச் செல்வார். அட்டையைக் கண்ணருகே பிடித்தால் கடை மறைந்து, விளம்பரப் பலகையின் பாதி எழுத்தும் ஒரு துண்டுச் சிவப்பும் மட்டுமே மிஞ்சும். ஒன்றன் பெயரை மறந்து அதையே பார்க்கக் கற்ற கண், 'பகைவன்' என்ற பெயர் ஒட்டப்பட்ட மனிதனையும் அவ்வாறே பார்க்கும் என்று நான் நம்புகிறேன்.

நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையையே அவர் கைக்கொண்டார். ஒரே படத்தைப் பல படிகள் எடுக்கலாம் என்பதால் விலை குறைந்தது. எளியவரும் வாங்க முடிந்தது. விளம்பரத் தாளைக் கசக்கி, அதைப் புகைப்படம் எடுத்து, வளைந்து நெளிந்த அந்த எழுத்துகளைப் படத்தில் சேர்ப்பார். ரொட்டி உறையின் வண்ணப் புள்ளிகள் 1962-இல் நற்கருணை அப்பத்தை நினைவூட்டும் 12 வட்டங்களாயின. 1964-இல் தக்காளி விளம்பர வாசகமொன்றை அன்னை மரியாவுக்குச் சூட்டியபோது பலர் அதிர்ந்தனர். அன்றாடப் பொருளில் இறைவனைக் காண்பது பக்திக் குறைவாகாது என்பதால் நான் கோரிட்டாவின் பக்கமே நிற்பேன். வியட்நாம் போர் முற்றிய 1967-இல், குண்டுவீச்சை நிறுத்துங்கள் என்ற சொற்களையே படமாக்கினார். மறு ஆண்டு கேட்டன்ஸ்வில் நகரில், அவருடைய நண்பரான இயேசு சபைக் குரு டேனியல் பெரிகன் உள்ளிட்ட 9 கத்தோலிக்கர்கள் இராணுவ ஆள்சேர்ப்புக் கோப்புகளை எரித்துக் கைதாயினர். அந்நிகழ்வின் புகைப்படத்தை 1969-இல் தம் படமொன்றில் பதித்தார்.

கேள்வி: பின்னர் அவர் துறவறத்தை விட்டது ஏன்?
- கல்லூரி மாணவர் ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: கத்தோலிக்கத் திருச்சபையைப் புதுப்பிக்கக் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை அடுத்து கோரிட்டாவின் துறவற சபையினர் மேற்கொண்ட மாற்றங்களை லாஸ் ஏஞ்சலஸ் பேராயரான கர்தினால் மெக்கின்டையர் கடுமையாக எதிர்த்தார். அந்தப் பூசலும் ஓயாத வேலையும் கோரிட்டாவைக் களைப்படையச் செய்ய, 1968-இல் சபையை விட்டு பாஸ்டன் நகரில் குடியேறினார். 1970-இல் அச்சபையின் ஏறத்தாழ 300 சகோதரிகள் துறவற வார்த்தைப்பாட்டிலிருந்து விலகித் தனிச் சமூகமாயினர்.

ஓவியத்தையோ அமைதிப் பணியையோ அவர் விடவில்லை. வானவில் வண்ணத் தீற்றல்களின்கீழ் 'அன்பு' என்னும் சொல்லை எழுதிய அவருடைய அஞ்சல் தலையை 1985-இல் அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்டது. 70 கோடிக்கு மேல் விற்றது. அதை ஐக்கிய நாடுகள் சபையில் வெளியிட வேண்டுமென அவர் விரும்பியிருந்தார். ஆனால் தொலைக்காட்சித் தொடரொன்றின் படப்பிடிப்புத் தளத்தில் விழா நடத்தினார்கள். அவர் போகவில்லை.