சிட்டுக்குருவி: கேளுங்கள், சொல்கிறேன்

இன்று முழுக்கச் சிட்டுக்குருவிதான். பெட்டி, தீனி, குஞ்சு, எது வேண்டுமானாலும் கேளுங்கள். செல்போன் டவர் கேள்வி வரும் என்று தெரியும். அதற்கு ஒரு தடவைதான் பதில்.

மீனா: அக்கா, பெட்டி மாட்டி ஒரு வருஷம் ஆகிறது. ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கலை. எதில் தப்பு?

முதலில் ஓட்டையை அளந்து பாருங்கள். 32 மில்லிமீட்டர் போதும். ரொம்பப் பெரிதாக வெட்டினால் மைனா குடியேறிவிடும். தரையிலிருந்து 2 முதல் 4 மீட்டர் உயரம். உச்சி வெயிலும் மழைச் சாரலும் நேரே அடிக்கக் கூடாது. வாசலுக்குக் கீழே ஒரு குச்சி வைத்து விற்கிறார்களே, அதைப் பிடுங்கி எறியுங்கள். குருவிக்கு அது தேவையில்லை, குஞ்சைத் தூக்க வருகிறவற்றுக்குத்தான் அது வசதி. ஒரே பெட்டி என்றால் பக்கத்திலேயே இன்னும் இரண்டு மாட்டுங்கள். குருவி அக்கம்பக்கத்தோடு கூடு கட்டுகிற ஜாதி.

இவ்வளவும் சரியாக இருந்தும் வரவில்லையா? பெட்டியை விட்டுவிட்டுச் சுற்றிலும் பாருங்கள். வளர்ந்த குருவி தானியத்தில் காலம் தள்ளும். ஆனால் பொரித்த குஞ்சுக்கு முதல் சில நாட்கள் பூச்சிதான் சாப்பாடு: அசுவினி, பச்சைப்புழு, சிலந்தி. கூட்டிலிருந்து சில நூறு மீட்டருக்குள் அது கிடைக்க வேண்டும். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக் கூடுகளை ஆராய்ந்தபோது, பூச்சி குறைந்து தாவர உணவு கூடிய கூடுகளில் குஞ்சுகள் அதிகம் செத்தது தெரிந்தது. பூச்சி இல்லாத தெருவில் பெட்டி மாட்டுவது அடுப்பில்லாத வீட்டை வாடகைக்கு விடுகிற கதை. அதனால் செடிக்கு மருந்து அடிக்காதீர்கள். இதை இன்று இன்னும் பல தடவை சொல்வேன்.

பிரபு: என்ன தீனி போடலாம்?

சிறுதானியம், குருணை. உப்புப் போட்ட எதுவும் வேண்டாம். தட்டையான பாத்திரத்தில் தண்ணீர், தினமும் கழுவி. ஒரு மூலையில் கொஞ்சம் வெறும் மண்ணையும் விட்டுவையுங்கள், புழுதியில் குளிக்கும். பக்கத்தில் ஒரு அடர்ந்த புதர் இருந்தால் பருந்து நிழல் தெரிந்ததும் பாய்ந்து ஒளியும். அந்தப் புதருக்கும் மருந்து அடிக்காதீர்கள்.

ஹசீனா: குஞ்சு கீழே விழுந்து கிடக்கு, அவசரம்! கையால் தொட்டால் தாய் சேர்க்காதாமே?

சேர்க்கும். அது கட்டுக்கதை. உடம்பில் இறகே இல்லை என்றால் கூட்டைக் கண்டுபிடித்துத் திரும்ப வைத்துவிடுங்கள். இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தித் தாவுகிறதா? அது கூட்டை விட்டு வெளியே வந்த குஞ்சு, பறக்கப் பழகுகிறது. பூனைக்கு எட்டாத புதரில் விட்டுத் தள்ளி நின்று பாருங்கள், அம்மாவும் அப்பாவும் வந்து ஊட்டும். வாயில் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பாலும் கூடாது.

சரவணன்: மேடம், டவர் கதிர்வீச்சால்தானே குருவி அழிகிறது?

வந்துவிட்டதா! லண்டனில் கென்சிங்டன் தோட்டத்தில் 1925-ல் எண்ணியபோது 2,603 குருவிகள். 1948-ல் 885. 1975-ல் 544. 1995-ல் 46. 2000-ல் வெறும் 8. முதல் பெரிய சரிவு 1948-க்குள்ளேயே நடந்துவிட்டது. அப்போது ஏது செல்போன்? குதிரை வண்டி போய் மோட்டார் வந்தது; குதிரைத் தீனியிலிருந்து சிந்திய தானியமும் அதோடு போனது. கிராமப்புறமும் அப்படித்தான். பிரிட்டனில் 1977-க்கும் 2008-க்கும் இடையில் 71 சதவீதக் குருவிகள் குறைந்தன. அங்கே செல்போன் சேவை தொடங்கியதே 1985-ல். அறுவடைக்குப் பிறகு குளிர்காலம் முழுக்க வயலில் அறுத்த தாளும் அதில் சிந்திய தானியமும் கிடந்த காலம் போய், உடனே அடுத்த விதைப்பு வந்தது. பூச்சிமருந்தும் சேர்ந்துகொண்டது.

சரவணன்: ஸ்பெயினில் ஆய்வு பண்ணியிருக்காங்களே? சும்மா தள்ளிவிட முடியாது.

தள்ளவில்லை. வயடோலிட் நகரத்திலும், பெல்ஜியத்திலும், மின்காந்தப் புலம் அதிகமான இடங்களில் குருவி குறைவாக இருந்ததைப் பதிவு செய்தார்கள். சரி. டவர் நெருக்கமாக இருக்கிற இடத்தில் வேறு என்ன நெருக்கம்? கட்டிடம், கண்ணாடி, வண்டி, சிமெண்ட். வேறு என்ன குறைவு? செடி, பொந்து, பூச்சி. இரண்டும் சேர்ந்தே இருக்கும்போது டவர்தான் காரணம் என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

லதா: சரவணன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கு அக்கா. அப்படிப் பார்த்தால் உங்கள் பூச்சிக் கதையும் அதே மாதிரிதானே? லண்டனில் கூடுகளுக்குப் பக்கத்தில் புழு வைத்துப் பார்த்தும் குருவி பெருகலையாமே.

இதுதான் கேள்வி! புழு வைத்த இடங்களில் கூட்டை விட்டுப் பறந்த குஞ்சுகள் கூடின, ஆனால் அங்கே கூடு கட்டுகிற ஜோடிகள் கூடவில்லை. அதாவது பூச்சி குஞ்சைக் காப்பாற்றுகிறது. பறந்த பிறகு அதைக் கொல்வது வேறு ஏதோ. லண்டன் குருவிகளிடம் பறவை மலேரியா பரவலாக இருப்பதையும், அது கடுமையாக இருக்கிற இடத்தில் எண்ணிக்கை சரிவதையும் 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள் லதா. புழு வைத்தது சோதனை: ஒன்றை மாற்றினார்கள், விளைவைப் பார்த்தார்கள். டவர் விஷயத்தில் எனக்குத் தெரிந்து அப்படி யாரும் செய்யவில்லை. ஒரே வில்லனைத் தேடுகிறவர்களுக்கு டவர் வசதி, ஏனென்றால் அதை நாம் அகற்ற முடியாது, நம் தோட்டத்தில் எதையும் மாற்றவும் வேண்டாம்.

சரவணன்: கோபமா மேடம்?

இல்லை ஐயா. கொஞ்சம் சலிப்பு.

குமரேசன்: இந்தியாவில் குருவி அழியப் போகிறதா?

இல்லை. 2020-ல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நாடு முழுதும் சேர்த்துப் பார்த்தால் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருப்பதாகவும், பெருநகரங்களில் குறைவதாகவும் சொன்னது. டெல்லி 2012-ல் இதை மாநிலப் பறவையாக்கியது. பட்டம் கொடுத்தால் பொந்து கிடைத்துவிடாது.

நிவேதா: குருவி பாடும் பறவை இனமா? கீச்சு கீச்சு மட்டும்தானே?

அந்த இனம்தான். பொந்து வாசலில் உட்கார்ந்து ஓயாமல் கத்துகிற, தொண்டையில் கறுப்புத் திட்டு உள்ளதுதான் ஆண். ஜோடியைக் கூப்பிடுகிறது. அதுதான் அதன் பாட்டு.

அருண்: கிளிக்குப் பெட்டி எந்த அளவு?

கிளி என் பாடம் இல்லை தம்பி.

ரேவதி: பெட்டி வைத்தும் குருவி வரலை அக்கா.

மீனாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

டேவிட்: பெட்டி வாங்கணும். குச்சி உள்ளது நல்லதா, இல்லாததா?

மீனா. மேலே.

கண்ணன்: 5ஜி வந்த பிறகு...

அடுத்து.

பாத்திமா: எங்கள் பெட்டியில் ஜோடி வந்திருக்கு. அலகில் வெள்ளையாக எதையோ கவ்விக்கொண்டு வெளியே பறக்குது, குஞ்சுதான் செத்துப் போச்சோ?

நல்ல செய்தி! உள்ளே போகும்போது அலகில் புழு, வெளியே வரும்போது குஞ்சின் எச்சம். மெல்லிய சவ்வுப் பைக்குள் கட்டி வருவதால் அப்படியே கவ்வித் தூரப் போடுகிறது. குஞ்சு நன்றாகத் தின்கிறது என்று அர்த்தம். மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். பொரித்து இரண்டு வாரம் போல ஆனால் பறந்துவிடும். அறைக்குள் பறந்து வருகிற வழக்கம் இருந்தால் அதுவரை மின்விசிறியைக் கவனியுங்கள். பறந்ததும் உடனே சுத்தம் செய்ய வேண்டாம், அதே கூட்டில் அடுத்த ஈடு முட்டை வைக்கும். பருவம் முழுக்க முடிந்து, உள்ளே முட்டையோ குஞ்சோ இல்லை என்று உறுதியான பிறகு பழைய புல்லை எடுத்துவிட்டு வெந்நீரில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். பெட்டிக்குள்ளும் மருந்து அடிக்காதீர்கள்.