கணக்கு, ஸ்டாடிஸ்டிக்ஸ், கம்ப்யூட்டர்: மூணையும் சேத்துப் படிக்கலாமா?

அக்கா வணக்கம். இந்த வருசம் ப்ளஸ் டூ முடிச்சேன், கணக்குல 98. கணக்கு, ஸ்டாடிஸ்டிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணும் சேந்த பி.எஸ்சி. படிக்க ஆசை. மாமா, இன்ஜினியரிங்ல சேரு, மூணையும் தொட்டா எதுலயும் ஆழம் வராதுங்கறாரு. அப்பாவும் தயங்கறாரு. என்ன செய்யட்டும்?

தம்பி,

மாமா அக்கறையிலதான் சொல்றாரு, ஆனா மூணும் தனித்தனி பாடம்னு நினைச்சு சொல்றாரு. நானும் ரெண்டாவது வருசம் வரைக்கும் அப்படித்தான் நினைச்சேன். லேப்ல சீட்டுக்கட்டைக் கலைக்கிற ப்ரோகிராம் எழுதச் சொன்னாங்க. முதல் சீட்டுலேருந்து கடைசி வரைக்கும் ஒவ்வொண்ணையும் கட்டுல ஏதோ ஒரு சீட்டோட ராண்டமா இடம் மாத்துற மாதிரி எழுதினேன், ஓடுச்சு, நல்லா கலைஞ்ச மாதிரிதான் தெரிஞ்சுது, டிக்கும் போட்டுட்டாங்க. ஒரு சீனியர் அக்கா பாத்துட்டு, மூணே மூணு சீட்டு வச்சு எண்ணிப் பாருன்னாங்க. மூணு தடவை மாத்தறோம், தடவைக்கு மூணு வாய்ப்பு (சீட்டு இருந்த இடத்துலயே நிக்கறதும் சேத்து), ஆக 27 வழி. மூணு சீட்டை அடுக்க மொத்தமே 6 வரிசைதான். 27-ஐ 6-ஆல மீதியில்லாம வகுக்க முடியாதே, அப்ப ஆறும் சமமா வர வழியே இல்ல! எழுதிப் பாத்தா மூணு வரிசை 5 வழியில வருது, மத்த மூணும் 4 வழியிலதான்.

திருத்தம் ஒரே வரி. ஒவ்வொரு சீட்டையும் அதுலேருந்து கடைசி வரைக்கும் இருக்கறதுல ஒண்ணோட மட்டும் மாத்தினா 3, 2, 1-னு வாய்ப்பு குறைஞ்சு சரியா 6 வழி வரும். இதுக்கு பிஷர்-யேட்ஸ்னு பேரு. ரெண்டு பேருமே ஸ்டாடிஸ்டிக்ஸ்காரங்க, 1938-ல காகிதம் பென்சில் வச்சு செய்யறதுக்காகக் கொடுத்த முறை அது, கம்ப்யூட்டருக்கு ஏத்த வடிவம் பின்னாடி வந்துச்சு. என் தப்பான ப்ரோகிராமை 100 தடவை ஓட்டினா தப்பு கண்ணுல படாது. 27,000 தடவை ஓட்டினா சில வரிசை 5,000 பக்கம், சிலது 4,000 பக்கம் நிக்கும். எத்தனை தடவை ஓட்டினா நம்பலாம்னு சொல்றது ஸ்டாடிஸ்டிக்ஸ். ஆழம் வராதுன்னு இதுக்கப்புறமும் சொல்ல முடியுமா?

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். 98 வாங்கின கணக்கு வேற, காலேஜ்ல போய்ப் படிக்கிற கணக்கு வேற. புக் பேக் சம் மாதிரி ஸ்டெப் போட்டு விடை எடுக்கறது குறைஞ்சுடும், ஒரு சீக்வென்ஸுக்கு (வரிசையாப் போற எண்களுக்கு) ரெண்டு லிமிட் (நெருங்கிப் போற எண்) இருக்க முடியாதுன்னு நிரூபிங்கற மாதிரிதான் கேப்பாங்க. எங்களுக்கு எடுத்த ஒரு சார் நிரூபணத்தை டிக்டேட் பண்ணிட்டுப் போயிடுவாரு, நாங்க மனப்பாடம் பண்ணி எழுதினோம், அந்த செமஸ்டரே வீணாப் போச்சுன்னு இன்னும் வருத்தம் இருக்கு. நீங்க நோட்டை மூடி வச்சுட்டு சொந்தமா எழுதிப் பாருங்க, ஒரு நிரூபணத்துக்கு ரெண்டு நாள் ஆனாலும் சரி.

ஸ்டாடிஸ்டிக்ஸை ஃபார்முலாவுல நம்பர் போடற பாடம்னு ஒதுக்கிடாதீங்க. கணித மேதை எஸ்.ஆர்.எஸ். வரதன் சென்னை பிரசிடென்சி காலேஜ்ல 1959-ல ஆனர்ஸ் முடிச்சது ஸ்டாடிஸ்டிக்ஸ்லதான். பேக்டரி தரக்கட்டுப்பாடு படிக்கற எண்ணத்துலதான் கொல்கத்தா இந்தியன் ஸ்டாடிஸ்டிகல் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனாரு, அங்க கூடப் படிச்சவங்களால ப்ராபபிலிட்டி (நிகழ்தகவு) பக்கம் திரும்பி 2007-ல கணக்குக்கான பெரிய பரிசான ஏபெல் பரிசு வாங்கினாரு.

அதே இன்ஸ்டிட்யூட்ல இன்னிக்கும் பி.ஸ்டாட்.னு ஸ்டாடிஸ்டிக்ஸ் டிகிரி இருக்கு, நம்ம சிறுசேரி சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்ல கணக்கும் கம்ப்யூட்டரும் சேந்த பி.எஸ்சி. இருக்கு. ரெண்டுக்கும் என்ட்ரன்ஸ் உண்டு, எழுதுங்க. கிடைக்கலைன்னா பக்கத்து அரசு காலேஜ்லயே சேந்துட்டு ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் பாடம் எடுக்கற என்பிடெல் வீடியோவை இலவசமாப் பாத்து ஈடுகட்டலாம், கஷ்டம்தான், ஆனா முடியும். நிரூபணத்துல மனசு ஒட்டாம, சீக்கிரம் சாஃப்ட்வேர் வேலைதான் வேணும்னா மாமா சொல்ற இன்ஜினியரிங்தான் சரி, அதுல ஒரு குறையும் இல்ல.

நிரூபணத்துல மனசு ஒட்டுதான்னு கண்டுபிடிக்க ஒரு வேலை தரேன். நான் எழுதின தப்பான முறையில 52 சீட்டைக் கலைச்சாலும் எல்லா வரிசையும் சமமா வராதுன்னு நிரூபிங்க. 52-ஐ 52 தடவை பெருக்க வேணாம், 51-ங்கற எண்ணைப் பிடிச்சு யோசிங்க. வந்துச்சுன்னா ஒரு பக்கத்துல எழுதி, அப்பாவையும் மாமாவையும் உக்கார வச்சுப் படிச்சுக் காட்டுங்க. எனக்கும் அனுப்புங்க.